கடைமடையில் ஒரு விசைப்பலகை

லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு உயர்த்தியதும் விசைப்பலகையும் சுட்டியும் ஒருசேரச் செயலற்றுப்போவது பழைய நோய். கணினி நின்றுவிட்டது என்று அதைச் சொல்லக்கூடாது. திரை ஒளிர்கிறது, மூலையில் கடிகாரம் நிமிடந்தோறும் பிசகாமல் மாறுகிறது, கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்குள் சிறுகோடு மின்னி மின்னி மறைகிறது. உள்ளே எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. நாம் தட்டுவது மட்டும் அங்கே போய்ச் சேர்வதில்லை. வீட்டுக்குள் ஆள் நடமாடும் ஓசை கேட்க, கதவைத் தட்டிக் கை சலித்து வாசலில் நிற்பவரின் நிலைதான்.

தட்டச்சுப்பொறி காலத்தில் இந்த நோய்க்கு இடமில்லை. விசைக்கும் எழுத்தச்சுக்கும் நடுவே இருந்தது ஓர் இரும்புக் கம்பி. அது முறிந்தால் முறிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். கணினியிலோ விசையைத் தொட்ட விரலுக்கும் திரையில் விழும் எழுத்துக்கும் நடுவே ஏழெட்டுக் கைகள் மாறுகின்றன. எந்தக் கை நழுவவிட்டது என்பது வெளியே தெரியாது. ஆகவே பழுதுபார்ப்பவர்களில் பலர் அதைத் தேடுவதுமில்லை. "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறோம்" என்பதே எளிய பதில்.

2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தென்னேரியில் இருக்கும் எங்கள் மூத்த நண்பர் ஒருவருக்கு அந்தப் பதில்தான் கிடைத்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். நாங்கள் 'ஐயா' என்றே அழைப்போம். தென்னேரி வாலாஜாபாத்துக்கு அருகில் இருக்கும் ஊர். ஊரைக் காட்டிலும் ஏரிதான் பெரிது. திரையன் ஏரி என்பதே தென்னேரியாக மருவிற்று என்று சொல்வார்கள். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான தொண்டைமான் இளந்திரையனோடு அப்பெயரைச் சேர்த்துப் பேசுவது இப்பக்கத்து வழக்கம்.

ஐயா எழுதிக்கொண்டிருந்தது மன்னர் வரலாறு அன்று. மதகுகளின் பெயர்கள், ஒவ்வொரு மதகிலிருந்தும் பிரியும் வாய்க்கால்களின் பெயர்கள், அவை பாயும் கழனிகளின் பெயர்கள், நீர்க்கட்டிகள் தங்களுக்குள் புழங்கிய சொற்கள். ஏரி நீரை முறைவைத்துத் திறந்துவிடும் ஊர்ப்பணியாளரை நீர்க்கட்டி என்பார்கள். அப்படி இருந்த முதியவர்களைத் தேடிச் சென்று, திண்ணையில் உட்கார்ந்து கேட்டு, நோட்டில் குறித்து, பிறகு வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்வார். பதினான்கு மாத உழைப்பு ஒரே கோப்பில் இருந்தது. பேசியவர்களில் இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர். தட்டி முடித்த நோட்டுகளை ஐயா வீட்டில் யாரோ பழைய தாள்காரருக்குப் போட்டிருந்தார்கள். (எழுதுபவர் வீடுகளில் இது நடக்காத வீடு எது?)

கணினி அவருடைய பேத்தியுடையது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அவளுக்குக் கிடைத்தது. அந்தக் கணினிகளைப் பற்றி ஒரு சொல். எல்காட் நிறுவனம் வாங்கி வழங்கிய அவற்றில் விண்டோசோடு 'பாஸ்' என்னும் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக்கொண்டு உருவாக்கியது. முதற்பதிப்பு 2007-இல் வந்தது. இலட்சக்கணக்கான தமிழ் வீடுகளுக்குள் லினக்ஸ் இப்படிச் சத்தமில்லாமல் நுழைந்தது. பெரும்பாலான வீடுகளில் அதே சத்தமின்மையோடு அழிக்கவும் பட்டது. அதைச் சொல்லித்தர ஆளில்லாமற்போனதே காரணம் என்பது எங்கள் எண்ணம். ஐயா வீட்டில் மட்டும் கதை மாறிற்று. பேத்தி வேலைக்குப் போனபின் கணினி தாத்தாவிடம் வந்தது. நண்பர் ஒருவர் பழைய இரண்டு இயங்குதளங்களையும் நீக்கிவிட்டு, 2 ஜிபி நினைவகத்துக்கு ஏற்ற இலகுவான சுபுண்டு 16.04-ஐ நிறுவிக் கொடுத்தார். தமிழ்99 விசைமுறையையும் அமைத்தார். இரண்டு ஆண்டுகள் குறையின்றி ஓடியது. 18.04-க்கு உயர்த்தலாம் என்று திரையில் அறிவிப்பு வந்தது, ஐயா சம்மதித்தார். இரவெல்லாம் இறக்கி, விடியலில் கணினி தன்னைத்தானே மறுபடி தொடங்கி, கடவுச்சொல்லைக் கேட்டு நின்றது. அதன்பின் எந்த விசைக்கும் பதில் இல்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் காட்டியபோது மேற்சொன்ன பதில் கிடைத்தது. ஐயா கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். "அழிக்கிறதுக்கு நானே போதுமே தம்பி, கடை எதுக்கு?" என்று தொலைபேசியில் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவர் புறப்பட்டுப் போனோம்.

*

பாதையைச் சொல்லிவிட வேண்டும். விசையை அழுத்தியதும் விசைப்பலகையில் இருக்கும் சில்லு ஓர் எண்ணை அனுப்புகிறது. அதைக் கெர்னல் என்னும் கருப்பகுதி வாங்கி, இன்ன விசை அழுத்தப்பட்டது, இன்ன விசை விடப்பட்டது என்னும் நிகழ்வாக மாற்றிக் கணினிக்குள் ஒரு வாசலில் வைக்கிறது. எந்தக் கருவிக்கு எந்த வாசல் என்பதை யூடெவ் என்னும் நிரல் பட்டியலிட்டு வைத்திருக்கும். வரைகலைத் திரையை ஆளும் எக்ஸ் சேவையகம் அப்பட்டியலைப் பார்த்து, உரிய இயக்கியின் துணையோடு நிகழ்வுகளைப் படிக்கிறது. அங்கிருந்து மேசைத்தளம்; அங்கிருந்து நாம் திறந்துவைத்திருக்கும் செயலி. ஆங்கிலத்தில் எழுதுபவருக்குப் பாதை இங்கே முடிந்துவிடும். தமிழுக்கு இன்னும் ஒரு கை உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

இதை ஐயாவிடம் விளக்கத் தொடங்கியபோது, பாதியிலேயே அவர் எடுத்துக்கொண்டார். ஏரி, மதகு, பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை, கழனி. கழனிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நீர்க்கட்டி ஏரியை வெட்டிவிடமாட்டார். கழனியிலிருந்து வரப்பின்மேலேயே நடந்து, ஈரம் எங்கே முடிகிறது என்று பார்ப்பார். ஈரத்துக்கும் காய்ந்த மண்ணுக்கும் நடுவில் இருக்கிறது அடைப்பு. "அதைத்தானே செய்யப் போறீங்க?" என்றார். அதைத்தான்.

முதலில் ஒரு யுஎஸ்பி சுட்டியைச் செருகிப் பார்த்தோம். அசையவில்லை. இது நல்ல செய்தி. மடிக்கணினியின் உள்விசைப்பலகை ஒரு வழியில் பேசுகிறது. யுஎஸ்பி கருவி வேறொரு வழியில் பேசுகிறது. இரண்டும் ஒரே இரவில் கெட்டுப்போவது அரிது. இரண்டு வாய்க்கால்களும் சேர்ந்தபின் இருக்கும் இடத்தில்தான் அடைப்பு என்று கொள்ளலாம்.

வழக்கமாக இதற்கு அடுத்தபடி கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத்திரைக்குப் போகச் சொல்வார்கள். இந்த நோயில் அது உதவாது. எக்ஸ் சேவையகம் ஓடும்போது விசைப்பலகை அதன் பொறுப்பில் இருக்கிறது; அந்த மூன்று விசைகளையும் அதுதான் கேட்டுத் திரையை மாற்ற வேண்டும். கேளாதவரிடமே காது கேட்கவில்லை என்று சொல்லியனுப்புவதைப் போன்றது. ஆனால் எக்ஸைக் கடந்து கெர்னலிடம் நேரே பேசும் வழி ஒன்று லினக்ஸில் உண்டு. ஆல்ட் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் அழுத்திக்கொண்டு ஓரெழுத்தைத் தட்டினால், அதைக் கெர்னலே நேரடியாகக் கேட்கும். உபுண்டு குடும்பத்தில் பாதுகாப்புக் கருதி இக்கட்டளைகளில் சிலவற்றை மட்டுமே இயல்பாக அனுமதித்திருப்பார்கள்: எழுத வேண்டியதை வட்டில் எழுதிவிடு, வட்டை மூடு, மறுபடி தொடங்கு. எஸ், யு, பி. மூன்றையும் இடைவெளி விட்டுத் தட்டினோம். திரை இருண்டது, கணினி மறுபடி தொடங்கிற்று.

அந்த இருளைப் பார்த்து ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. எங்களுக்கோ அதுவே அன்றைய நாளின் முதல் மகிழ்ச்சி. விசைப்பலகை பேசுகிறது, கெர்னல் கேட்கிறது. ஈரம் அதுவரை இருக்கிறது.

*

கணினி எழும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்திருந்தால் கிரப் பட்டியல் வரும். அதில் மீட்பு நிலை என்றொரு வழி இருக்கிறது. வரைகலைத் திரையே இல்லாமல், கறுப்பின்மேல் வெண்ணெழுத்தாக, முழு அதிகாரத்தோடு உள்ளே விடும். அங்கே எக்ஸ் இல்லை. ஆகவே விசைப்பலகை ஒரு குறையுமின்றி வேலை செய்தது.

அங்கே சென்றதும் முதலில் செய்தது பழுதுபார்த்தல் அன்று. ஒரு பென்டிரைவைச் செருகி ஐயாவின் கோப்பைப் படியெடுத்தோம். பிறகு இன்னொரு பென்டிரைவில் இன்னொரு படி. எங்களில் ஒருவர் கொண்டுபோயிருந்த மடிக்கணினியில் கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினோம். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டு, வாய்விட்டு ஒரு பத்தியைப் படித்தார். அதில் ஒரு 'ற'கரப் பிழை இருப்பதாகவும் சொன்னார். அதற்குப் பின்தான் காப்பி வந்தது.

பிறகு எக்ஸ் தன் பதிவேட்டில் என்ன எழுதிவைத்திருக்கிறது என்று பார்த்தோம். ஒவ்வொரு முறை எழும்போதும் அது தான் கண்டதையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும். விசைப்பலகையை அது கண்டிருக்கிறது. பெயர் சொல்லியே அழைத்திருக்கிறது. இங்கே ஒரு செய்தி. ஏறக்குறைய எல்லா மடிக்கணினிகளின் விசைப்பலகையும் லினக்ஸில் 'ஏடி' என்னும் முன்னொட்டோடுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். 1984-இல் ஐபிஎம் வெளியிட்ட ஏடி கணினியின் விசைப்பலகை மொழியையே அவை இன்றும் பேசுகின்றன. பரம்பரைப் பெயர் மாதிரி. இருக்கட்டும். பெயரைச் சொல்லி அழைத்த எக்ஸ், அடுத்த வரியில் எழுதியிருந்ததன் கருத்து இது: உள்ளீட்டு இயக்கி எதுவும் குறிப்பிடப்படவில்லை, ஆகவே இக்கருவி புறக்கணிக்கப்படுகிறது. அதற்கடுத்துச் சுட்டிக்கும் அதே வரி. தொடுபலகைக்கும் அதே வரி.

காரணம் எளியது. 2005 இறுதியில் எக்ஸ் மென்பொருள் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. அதுமுதல் திரைக்குரிய இயக்கிகளும் உள்ளீட்டுக்குரிய இயக்கிகளும் தனித்தனிப் பொதிகள். உபுண்டு 16.04-இல் இந்தப் பொதிகளுக்கு இரண்டு குடும்பங்கள் இருந்தன: முதலில் வந்தது ஒன்று, புதிய வன்பொருளுக்காகப் பின்னர் வந்த வால்நீண்ட பெயருடைய குடும்பம் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. பதிப்பை உயர்த்தும்போது பழைய குடும்பத்தின் உள்ளீட்டுப் பொதி வெளியேற்றப்பட்டது; புதியது உள்ளே வரவில்லை. திரை இயக்கிகள் ஒழுங்காக வந்துசேர்ந்தன. அதனால்தான் பார்க்க முடிந்தது, தொட முடியவில்லை.

கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தோம். மீட்பு நிலையின் பட்டியலில் வலையமைப்பை இயக்கச் சொன்னோம். பிறகு எக்ஸ் சேவையகத்தின் உள்ளீட்டு இயக்கிகள் அனைத்தையும் குறிக்கும் ஒரே ஒரு பொதியை நிறுவும்படி ஏபிடி கட்டளை. இறங்கி முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி தொடங்கியதும் அம்புக்குறி நகர்ந்தது. இவ்வளவுதான். பதினான்கு மாத உழைப்பை அழித்துவிடலாம் என்று சொல்லப்பட்டதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது இந்த இரண்டு நிமிடம்.

இதேபோல் முன்னரும் நடந்திருக்கிறது. 2008, 2009-ஆம் ஆண்டுகளில் எக்ஸ் சேவையகம் தன் உள்ளீட்டுக் கருவிகளை அமைவுக் கோப்பில் தேடுவதை விட்டு, ஹால் என்னும் நிரலிடம் கேட்கத் தொடங்கியது. ஹால் ஓடாத கணினிகளில் பதிப்பை உயர்த்தியவர்கள் எல்லாம் செயலற்ற விசைப்பலகையோடு நின்றார்கள். உள்ளீட்டுக் கருவி ஒன்றுகூட இல்லாமலும் எழுந்துகொள்ளலாம் என்று எக்ஸுக்கு அனுமதி தரும் விருப்பம் ஒன்று அப்போது இருந்தது. அதை அணைத்துவைக்கச் சொல்லி ஊர் ஊருக்கு அறிவுரை பறந்தது. 2010-இல் வந்த 1.8 பதிப்பு ஹாலைக் கைவிட்டு யூடெவுக்கு மாறியது. அதன்பின் இயக்கிகள் மாறின. பல தனி இயக்கிகளின் இடத்துக்கு லிப்இன்புட் வந்தது. ஒவ்வொரு மாற்றமும் நல்லதற்கே. ஒவ்வொரு மாற்றத்திலும் சில வீடுகளில் விசைப்பலகை ஊமையாயிற்று. கட்டற்ற மென்பொருளின் பற்றாளர்கள் இதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்; தாழ்த்த வேண்டியதில்லை. பதிவேடு திறந்திருக்கிறது, காரணம் அதில் எழுதியிருக்கிறது, யாரும் படிக்கலாம் என்பது பெரிய பேறுதான். ஆனால் எழுபது வயதுத் தமிழாசிரியர் ஒருவர் அதைப் படித்தாக வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவது பேறு அன்று.

*

ஐயா கோப்பைத் திறந்தார். கடைசி வரியின் முனையில் சொடுக்கினார். 'மடை' என்று தட்டினார். திரையில் ஆங்கில எழுத்துகள் மூன்று விழுந்தன.

தமிழுக்கு இன்னும் ஒரு கை உண்டு என்று சொன்னோமே, அது இதுதான். எக்ஸ் வரைக்கும் வந்த விசை, தமிழ் எழுத்தாக மாற இன்னொரு நிரலின் வழியே போகவேண்டும். ஒரு காலத்தில் அது ஸ்கிம், பிறகு ஐபஸ். அதற்குள் எம்17என் என்னும் நூலகம். அதற்குள் தமிழ்99 அட்டவணை. 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டு அரசு ஏற்ற இந்த விசைமுறை, எங்கள் கணிப்பில் தமிழின் இயல்பறிந்து செய்யப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே எழுத்தை இரண்டுமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'பக்கம்' என்பதில் நடுப் புள்ளியைத் தேடிப் போகவேண்டியதில்லை. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. பழகிய கைக்கு அது எழுத்துமுறை, விசைமுறை அன்று. ஐயா அதில் பார்க்காமல் எழுதுவார். வேறு முறையில் எழுதச் சொன்னால் அவருக்கு அது கையை மாற்றிக்கொள் என்பதைப் போல.

உயர்த்தலில் ஐபஸ் தப்பியிருந்தது. மேசைத்தளம் எழும்போது அதையும் எழுப்ப வேண்டும் என்னும் அமைப்பு தப்பவில்லை. உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுக்கும் கருவியைத் திறந்து ஐபஸைக் குறித்தோம், தமிழ்99-ஐப் பட்டியலில் சேர்த்தோம், வெளியேறி மறுபடி நுழையச் சொன்னோம். 'மடை' வந்தது.

இந்த இரண்டாவது அடைப்பைத்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறோம். முதலாவது அடைப்பு ஏற்பட்டால் உலகம் முழுதும் கூச்சல் எழும். ஆங்கிலத்தில் எழுதுபவரும் அதில் மாட்டியிருப்பார். ஓரிரு நாளில் வழி தெரிந்துவிடும். இரண்டாவது, கடைமடை. தலைமடைக் கழனிக்காரருக்கு அங்கே தண்ணீர் வரவில்லை என்பது தெரியவே தெரியாது, ஏனெனில் அவர் கழனி நிறைந்திருக்கிறது. தமிழ், மலையாளம், கெமெர் என்று உள்ளீட்டு முறையை நம்பி எழுதும் எல்லோரும் அந்தக் கடைமடையில்தான் இருக்கிறோம். எண்ணிக்கையால் வலுத்த சீனமும் ஜப்பானியமும் கொரியமும் அங்கே நம்மோடு இருப்பது நம் நல்லூழ். அவர்கள் பொருட்டு வெட்டப்படும் வாய்க்காலில் நமக்கும் பாய்கிறது. ஐபஸ் அப்படி வந்ததே. 2012 முதல் கணியம் போன்ற தமிழ் இதழ்கள் இவற்றைத் தமிழில் எழுதிவருவதால், அடைப்பு எங்கே என்று சொல்லவாவது சொற்கள் கிடைத்திருக்கின்றன.

இப்போது எக்ஸே விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இன் முதன்மை மேசைத்தளம் வேலண்டில் மட்டுமே ஓடும். உள்ளீட்டைப் படிப்பதும், ஐபஸோடு பேசுவதும், திரையில் தீட்டுவதும் அங்கே வேறு ஒழுங்கில் நடக்கின்றன. மதகுகள் இடம் மாறியிருக்கின்றன. ஆகவே நாங்கள் மேலே சொன்ன படிகளில் பாதி, புதிய கணினிகளுக்குப் பொருந்தாது. வரப்பில் நடக்கும் முறை பொருந்தும்.

அன்று மாலை கிளம்பும்முன், செய்ததையெல்லாம் தமிழில் எழுதித் தரச் சொன்னார் ஐயா. எங்கள் கையெழுத்து பிடிக்காமல், நாங்கள் சொல்லச் சொல்ல அவரே எழுதிக்கொண்டார். தனித்தாளில் அன்று, மதகுகளைக் குறித்துவந்த புதிய நோட்டில், ஒரு வாய்க்காலின் கிளைகளைப் பட்டியலிட்டிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில். தலைப்பு 'விசை கேளாதபோது'. கெர்னலுக்கு என்ன எழுதுவது என்று சற்று யோசித்துவிட்டு, 'மூலமதகு' என்று எழுதினார். எக்ஸுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பெருக்கல்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.